தவறான விடைகளைத் தேடும் மாணவர்கள்

வினாக்களை ஆசிரியர் எழுதுவதும் விடையை மாணவர் எழுதுவதும் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக நிலைபெற்ற வழக்கம். அதை மாற்றி, வினா எழுதும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைக்கும் இணையவழிக் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த பால் டென்னி உருவாக்கிய பியர்வைஸ் ஆகும். அவரும் உடன் பணியாற்றியோரும் 2008இல் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் விளக்கிய இக்கருவி, பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் கணினி அறிவியல் சாராத பல பாடங்களுக்கும் பரவியது.

இதில் ஒரு மாணவர் பலவுள் தெரிவு வினா ஒன்றை, அதாவது சரியான விடையோடு தவறான விடைகள் சிலவும் கலந்து தரப்படும் வினாவை, எழுதி, சரியான விடை ஏன் சரி என்னும் விளக்கத்தையும் சேர்த்துப் பதிவிடுகிறார். உடன் பயில்வோர் அதற்கு விடையளித்து, அதன் தரத்தையும் கடினத்தையும் மதிப்பிட்டு, கருத்தும் எழுதுகின்றனர். எழுதியவர் யார் என்பது சக மாணவருக்குத் தெரியாது என்பதால், கூச்சமுள்ளவரும் துணிந்து எழுத முடிகிறது.

இம்முறையின் உயிர்நிலை தவறான விடைகளை உருவாக்குவதிலேயே இருக்கிறது. செங்குத்தாக மேலே எறியப்பட்ட கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று வினவும் மாணவர், பொருத்தமற்ற எண்களை விடைகளாகத் தந்தால் எவரும் ஏமாறமாட்டார். ஆனால் உச்சியில் திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழியே என்று பலர் குழம்புவதை உணர்ந்து, ‘சுழி’ என்பதை ஒரு விடையாக வைப்பவர், புவியீர்ப்பு அக்கணத்திலும் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு ஏறத்தாழ 9.8 மீட்டர் என்ற அளவில் திசைவேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சரியான விடையை மனப்பாடமாகக்கூடச் சொல்லிவிடலாம். பிறர் எங்கே தவறுவர் என்று முன்கூட்டி அறிய, பாடத்தின் உள்ளமைப்பே புரிந்திருக்க வேண்டும்.

மாணவர் எழுதும் வினாவில் பிழை இருந்தால் அது பிறருக்கும் தொற்றாதா என்னும் ஐயம் நியாயமானதே. ஒவ்வொரு வினாவுக்கும் பலர் விடையளிப்பதால், பெரும்பாலோர் தேர்ந்த விடை எழுதியவர் குறித்த விடையோடு முரண்படும்போது அது கண்ணில் பட்டு, கருத்துப் பகுதியில் விவாதம் எழுகிறது. ஆயினும் தேர்ச்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வை இன்றியமையாதது, ஏனெனில் பலரும் ஒருசேரப் பிழையாகப் புரிந்துகொண்ட கருத்தைப் பெரும்பான்மையின் தேர்வு திருத்தாது.

பிரித்தானியாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சார்ந்த ஐந்து பாடங்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, இக்கருவியை நன்கு பயன்படுத்தியோர் இறுதித் தேர்விலும் நல்ல நிலையில் இருந்ததைக் கண்டது. வினா எழுதுதல், விடையளித்தல், கருத்துரைத்தல் ஆகியவற்றுள் எது மிகுந்த பயன் தருகிறது என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபட்டதாயினும், நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான திறனுடையோர் சிறப்பாகப் பயன்பெற்றிருக்கலாம் என்பதற்கும் அதில் சில சான்றுகள் கிடைத்தன.