இரண்டு நோட்டுகள், ஒரு குழந்தை

குடும்பநல வழக்குகளில் சமரசப் பேச்சுக்கு நடுவராக உட்காருகிறவன் நான். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். கணக்கின் போக்கை மட்டும் மாற்றவில்லை.

அந்தத் தாய் கொண்டுவந்தது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தார். இடது பக்கம் 'வர வேண்டியது', வலது பக்கம் 'வந்தது'. இடது பத்தியில் மாதம் தவறாமல் 5,000. வலது பத்தியில் 5 மாதம் 5,000, 3 மாதம் 2,000, மீதி 4 மாதத்துக்கு வெறும் கோடு. ஆண்டுக்கு 60,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 31,000 வந்திருக்கிறது. நிலுவை 29,000.

தகப்பனிடமும் ஒரு கணக்கு இருந்தது, சட்டைப்பையில் வைக்கும் சின்ன நோட்டில். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 மணி வரை மகளைப் பார்க்கலாம் என்பது உத்தரவு. ஆண்டுக்கு 24 சனிக்கிழமை. 15-க்கு நேரே டிக், 9-க்கு நேரே பெருக்கல் குறி. அவர் வேலை பார்ப்பது கோவையில், குழந்தை இருப்பது சென்னையில்.

"பணம் ஒழுங்கா வரட்டும் சார், அப்புறம் புள்ளயக் காட்டறேன்" என்றார் தாய். "புள்ளயக் காட்டட்டும் சார், அன்னிக்கே பணத்தப் போட்டுடறேன்" என்றார் தகப்பன்.

இரண்டு நோட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி வாரியாகப் பார்த்தேன். பணம் வராத அந்த 4 மாதங்களில் நடந்திருக்க வேண்டிய சந்திப்பு 8. நடக்காமல் போனது 7. மற்ற இரண்டில் ஒன்று குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொன்று தகப்பன் வந்த பஸ் தாமதம். அதாவது இருவருமே உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் நிறுத்தியிருக்கிறார். கடன்காரர்கள் பற்றுவரவைக் கழித்துக்கொள்வதுபோல் ஒரு குழந்தையின் சோற்றையும் அதன் தகப்பனையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது கூடவே கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பராமரிப்புத் தொகை குழந்தைக்கு உரியது. பெற்றோரைப் பார்ப்பதும் குழந்தைக்கு உரியது. இரண்டிலும் வரவு வைக்க வேண்டிய பெயர் அதனுடையது. அதன் ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொன்றை நேர்செய்ய அம்மாவுக்கும் அதிகாரமில்லை, அப்பாவுக்கும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம், இரண்டரை மடங்கு. தீர்ப்பு இன்னும் வராமல், அல்லது நீதிமன்றத்துக்கே போகாமல், நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகளும் இந்த இரண்டாவது எண்ணுக்குள்தான் இருக்கின்றன.

முதலில் பண நோட்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சப் பிரிவில் (1973 சட்டத்தில் அது 125-ஆம் பிரிவு) 1955 திருத்தம் முதல் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பாக இருந்தது. சில மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. மத்தியச் சட்டத்தில் அந்த 500 நீங்கியது 2001-ல்தான். 46 ஆண்டு ஒரே எண். அதே திருத்தம்தான் இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்த 125-ஆம் பிரிவு, பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. பெயர் மாறினாலும் 60 அப்படியே இருக்கிறது.

அந்த 60 நடைமுறையில் எவ்வளவு ஆகிறது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. குழந்தை பிறந்து சில நாளில், 2013 ஜனவரியில், தாய் வீட்டைவிட்டு வெளியேறுகிறார். 2013 செப்டம்பர் 2 அன்று மனு. குடும்பநல நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு 2015 ஆகஸ்ட் 24-ல். 721 நாள். மனைவிக்கு மாதம் 15,000, மகனுக்கு முதல் இரண்டு ஆண்டுக்கு 5,000, அதன்பின் 10,000. கணவர் உயர் நீதிமன்றம் போகிறார். 2018 ஆகஸ்டில் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போகிறார். 2020 நவம்பர் 4-ல் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் அதே தொகையை உறுதிசெய்து, நிலுவையை 12 வாரத்தில் கட்டச் சொல்கிறார்கள். மனுப் போட்டதிலிருந்து அன்றைக்கு 2,620 நாள். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு எட்டு வயது ஆகப்போகிறது.

உத்தரவின்படி கூட்டிப் பாருங்கள். முதல் 24 மாதம் 20,000 வீதம் 4,80,000. 2015 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை 62 மாதம், 25,000 வீதம் 15,50,000. மொத்தம் 20,30,000 ரூபாய் பொறுப்பு. இவ்வளவும் இறுதி ஜீவனாம்சம் அல்ல, வழக்கு முடியும்வரை கொடுக்கச் சொன்ன இடைக்காலத் தொகை.

அந்தத் தீர்ப்பு வெறுமனே ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். எதிர்மனுதாரருக்கு 4 வாரம். அதற்குமேல் கேட்டால் இரண்டு வாய்ப்புக்கு மிகக் கூடாது. இடைக்கால மனு 4 முதல் 6 மாதத்தில் முடிய வேண்டும். தொகையோ மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. இந்தக் கடைசி வரியை எல்லோரும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாய்தா வாங்கி இழுத்தால் பணம் மிச்சம் என்ற நினைப்பில் வழக்கு நடத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இழுக்க இழுக்க நிலுவைதான் ஏறுகிறது.

ஆனால் இழுத்தடிப்பின் இன்னொரு செலவு எந்த உத்தரவிலும் ஏறுவதில்லை. நாள் கூலி 500 வாங்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு வாய்தா என்று வைத்தால், 721 நாளில் 24 வாய்தா. 12,000 ரூபாய் கூலி போச்சு. பஸ் டிக்கெட், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மாளுக்குக் கொடுத்தது எல்லாம் தனி.

எவ்வளவு கேட்கலாம் என்பதற்குச் சட்டத்தில் சூத்திரம் கிடையாது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு வழக்கில் சொன்னது. அங்கே நிகரச் சம்பளம் 95,527 ரூபாய், கால் பங்கு 23,882 வரும். அவருக்கு மறுமணத்தில் இன்னொரு குழந்தையும் இருந்ததால் 20,000 என்று முடித்தது. அது ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். வாடகை எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு, இருவரின் வருமானம் எவ்வளவு என்று ரசீதோடு போகிறவர்களுக்குத்தான் எண் கிடைக்கிறது.

தொகை ஏறுமா என்பதைப் பலர் கேட்க மறக்கிறார்கள். 3 வயதுக் குழந்தைக்கு மாதம் 5,000 என்று உத்தரவாகி, 18 வயதுவரை அதே 5,000 வந்தால் 180 மாதத்துக்கு 9,00,000. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு ஜீவனாம்ச வழக்கில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு என்று எழுதியது. அதே வரி இந்தக் குழந்தையின் உத்தரவிலும் இருந்தால் கடைசி ஆண்டில் மாதம் 7,035, மொத்தம் சுமார் 10,61,000. ஒரு வரியின் விலை 1,61,000 ரூபாய். அந்த வரி இல்லையென்றால் தொகையை உயர்த்தத் தனி மனுப் போட்டு, மறுபடி வாய்தா, மறுபடி கூலி இழப்பு.

நிலுவை சேர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது. 144-ஆம் பிரிவின் கீழ் நிலுவையை வசூலிக்கும் வாரண்டு கேட்க, தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். 'எப்படியும் கொடுத்துவிடுவார்' என்று 20 மாதம் பொறுத்தவருக்கு, கடைசி 12 மாதம்தான் இந்த வழியில் கிடைக்கும். 8 மாதம், 5,000 வீதம் 40,000 ரூபாய், பொறுமைக்குக் கொடுத்த அபராதம். கொடுக்காதவரை ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம். சிறையில் இருந்ததால் கடன் தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

இனி சந்திப்பு நோட்டு. இதைப் பணமாகக் கூட்ட முடியாது, மணிக்கணக்கில்தான் கூட்ட வேண்டும். 24 சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 48 மணி. சரியாக இரண்டு நாள். உத்தரவு ஒன்றுவிடாமல் நிறைவேறினாலும் 365-ல் இரண்டு. அந்தத் தகப்பனுக்குக் கிடைத்ததோ 30 மணி நேரம். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கி.மீ. ஒவ்வொரு முறையும் போக வர 1,000. நடக்காத 9-ல் 6 முறை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, 12 மணிவரை காத்திருந்து, திரும்பியிருக்கிறார். 6,000 கி.மீ. போய்வந்து பூஜ்ஜியம் மணி நேரம்.

இடைவெளிக்குப் பிறகு நடந்த சந்திப்பில் அவர் மகளுக்குச் செருப்பு வாங்கி வந்திருந்தார். 11-ஆம் எண். ஜூனில் வாங்கிய அளவு அதுதான், நினைவில் வைத்திருந்தார். குழந்தை காலை நுழைத்துப் பார்த்தாள், குதிகால் வெளியே நின்றது. 12 வேண்டும். "பரவாயில்லப்பா, வீட்டுல போட்டுக்கறேன்" என்றாள் அந்த ஆறு வயதுக்காரி. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில் அல்ல.

சந்திப்பை எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் உச்ச நீதிமன்றத்தின் சொல் இருக்கிறது. 2020 ஜனவரியில், நீதிபதி தீபக் குப்தா எழுதிய தீர்ப்பில், பார்க்கும் உரிமையின் விதம், முறை, விவரம் எல்லாவற்றையும் நீதிமன்றங்கள் தெளிவாக எழுத வேண்டும் என்றார். குழந்தையை வைத்திருக்காதவர், தனிக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேச முடிய வேண்டும் என்றும் சொன்னார். 10 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 365 நாளுக்கு 3,650 நிமிடம், 60 மணி 50 நிமிடம். சனிக்கிழமைச் சந்திப்பின் 48 மணி நேரத்தைவிட அதிகம், அதுவும் ஒரு கிலோமீட்டர்கூடப் பயணம் இல்லாமல். இந்த ஒரு வரியை உத்தரவில் கேட்டு வாங்காமல் வருபவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

'மாதம் இரண்டு முறை பார்க்கலாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய உத்தரவு சண்டைக்கு அழைப்பு. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கூட்டிவருவது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு சனிக்கிழமை தவறினால் அதற்கு ஈடாக எந்த நாள் என்பதுவரை இருக்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்தாலே சத்தம் எழும் வீடுகளுக்கு, பணம் வங்கிக் கணக்கில் மட்டும், செய்தி எழுத்தில் மட்டும், ஒப்படைப்பு பொது இடத்தில் மட்டும் என்று எழுதி வாங்கலாம். அடி உதை பயம் உள்ள இடத்தில் பேச்சே வேறு. அங்கே மூன்றாம் ஆள் முன்னிலையில் சந்திப்பு என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் உதவி நீதிமன்றத்துக்குள்ளேயே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக்குகிறது, 6-ஆம் பிரிவு ஆலோசகர்களைத் தருகிறது, 12-ஆம் பிரிவு மருத்துவ, நல நிபுணர்களின் உதவியைப் பெற இடம் தருகிறது. சென்னையில் 2005 ஏப்ரல் 9-ல் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முதலாவது. இங்கே அனுப்பப்படும் வழக்குகளில் நடுவருக்கு வழக்காளி கட்டணம் தருவதில்லை. பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பது மட்டும்தான் இந்த உதவியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சேர மாட்டார்கள் என்று முடிவான பிறகுதான், பிரிந்தபடியே பெற்றோராக இருக்க இது அதிகம் தேவைப்படுகிறது.

அந்த இருவரும் நான்கு அமர்வுக்குப் பிறகு கையெழுத்திட்டார்கள். நிலுவை 29,000 ஆறு தவணையில். பணம் வராத மாதங்களில் தவறிய 7 சனிக்கிழமைக்கு ஈடாகக் கோடை விடுமுறையில் 7 நாள். தினமும் இரவு 7.30-க்கு 10 நிமிடம் போன். ஒன்று தவறினாலும் மற்றதை நிறுத்தக் கூடாது, நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும் என்று ஒரு தனி வரி. பேச்சு முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் நடந்தது.

இப்படி ஒரு நோட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால், தேதி போட்டு, ரசீது ஒட்டி, அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப் போங்கள். எதிர்த் தரப்பின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. கூப்பிட வேண்டிய எண் 15100.