கடையில் சொன்ன ஒரு சொல்!

கைப்பேசி வாங்க ஒருவர் கடைக்குப் போகிறார். விலையைக் கேட்கிறார். "பழையதே இன்னும் ஒரு வருடம் ஓடட்டும்" என்று திரும்பி விடுகிறார்.

இதனால் யாருக்கு நஷ்டம்? கடைக்காரருக்கு மட்டும்தானா?

இல்லை!

கைப்பேசிக்குள் நகத்தளவு "சிப்" இருக்கிறது. சிலிக்கன் தகட்டில், தலைமயிரைவிட மெல்லிய கோடுகளைச் செதுக்கி அதைச் செய்கிறார்கள். செதுக்குவதற்குத் தனி எந்திரம் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள "லாம் ரிசர்ச்" கம்பெனி அத்தகைய எந்திரங்களைச் செய்கிறது.

2020-ல் கொரோனா வந்தது. வேலையும் வீட்டில், படிப்பும் வீட்டில். கம்ப்யூட்டர்கள் மளமளவென்று விற்றன. சிப்புக்குத் தட்டுப்பாடு! ஆலைகள் எந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தன.

2022-ல் நிலைமை தலைகீழ்! வாங்க வேண்டியவர்கள் வாங்கி விட்டார்கள். விலைவாசியும் ஏறியது. சிப்புகள் தேங்கின. "மைக்ரான்" போன்ற கம்பெனிகள் புது எந்திரம் வாங்குவதைக் குறைத்தன. சீனாவுக்கு எந்திரம் விற்க அமெரிக்க அரசும் கட்டுப்பாடு போட்டது.

2023 ஜனவரியில் லாம் கம்பெனி அறிவித்தது: 1,300 பேருக்கு வேலை இல்லை!

கடைவாசலில் பலர் சொன்னது, "அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான். கடல் கடந்து, எத்தனையோ வீடுகளில் சம்பளம் நின்றது!