ஒரே ஹார்மோன், வெவ்வேறு வேகம்

புரோஜெஸ்டிரோன் மாத்திரையை விழுங்கினால் ஏன் தூக்கம் வருகிறது? குடல் உறிஞ்சும் மருந்தின் பெரும்பகுதி கல்லீரலில் சிதைகிறது. அப்போது உண்டாகும் சில பொருள்கள் மூளையை மந்தமாக்குகின்றன. யோனி வழியாக வைத்தால் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை.

ஆனால் அதை எதில் கலந்து வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஹார்மோன் நீரில் கரைவது மிகக் குறைவு. எனவே நுண்துகளாகப் பொடிக்கிறார்கள். பரப்பு கூடினால் கரைவது எளிது. கொழுப்பில் செய்த பெசரி (யோனியில் வைக்கும் மருந்துக் குச்சி) உடல் சூட்டில் உருகிக் கசியும். கசிவைக் கண்டு மருந்தெல்லாம் வீணாயிற்றே என்று கலங்கும் பெண்கள் பலர். வெளியே வருவது பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான். இதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 8% ஜெல்லிலோ பாலிகார்போஃபில் என்னும் பாலிமர் யோனிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் ஐ.வி.எஃப். என்னும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் 90 மி.கி. ஜெல்லை நாளுக்கு ஒரு முறையும், 200 மி.கி. கேப்ஸ்யூலைப் பெரும்பாலும் மூன்று முறையும் வைக்கச் சொல்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை மட்டும் இங்கே முழு உண்மையைச் சொல்லாது. யோனி வழியாக வைக்கும்போது, தசையில் போடும் ஊசியைவிட ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரிந்தாலும், கருப்பையின் உட்சவ்வில் ஹார்மோன் அதிகமாகச் சேர்ந்திருக்கும்.