பிரிண்டரைக் காணவில்லையா? விலாசத்தைப் பாருங்கள்!

மாலை நேரம், கல்லா முன் கூட்டம். கம்ப்யூட்டரோ பிரிண்டரைக் காணவில்லை என்கிறது. பில் போடாமல் சரக்கு போனால் கணக்கு நிற்காது. அதற்காக உடனே புதுப் பிரிண்டர் வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் பிரிண்டர் நன்றாகவே இருக்கும். அதன் விலாசம்தான் மாறியிருக்கும்.

கடையிலோ வீட்டிலோ உள்ள வைஃபை ரூட்டர், ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பது போல ஓர் எண் தருகிறது. அது வாடகை வீடு மாதிரி. மின்சாரம் போய் வந்தால் வேறு எண் கிடைக்கலாம். கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

வரிசையாகச் சோதியுங்கள்:

1. இரண்டையும் அணைத்து, முதலில் ரூட்டரைப் போடுங்கள். அது முழுதும் வந்தபின் பிரிண்டரைப் போடுங்கள்.

2. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கான 'கெஸ்ட்' இணைப்பில் ஒன்று இருந்தால் மற்றது பொதுவாகத் தெரியாது. பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும்.

3. விண்டோஸில் உங்கள் சொந்த இணைப்பு 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள்.

4. பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள எண்ணைக் கொடுத்தே கம்ப்யூட்டரில் சேருங்கள். எண் 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் எண் தரவில்லை என்று பொருள்; கேபிளையும் பாஸ்வேர்டையும் பாருங்கள்.

சரியானதும், ரூட்டரில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கே நிலையாக ஒதுக்கிவிடுங்கள். எண்ணை எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு ஒரு கைபில் புத்தகமும் இருக்கட்டும். வியாபாரம் நிற்காது.