எக்ஸ்ரே அறைக்குள் என்ன படிப்பு?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை கல்முனையில் எந்த வீட்டு விறாந்தையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தாலும் பேச்சு இசட் புள்ளியில் போய்த்தான் முட்டும். இந்த முறை கேட்டவர் அடுத்த வீட்டுத் தம்பி. மகள் உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்கு எட்டாது என்று தெரிந்துவிட்டது. யாரோ ரேடியோகிராபர் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"அது என்ன காக்கா, ஒரு பொத்தான அமத்துறதுக்கு ரெண்டு வருசப் படிப்பா?"

அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார். கேள்வியில் பிழை இல்லை. வெளியே வாங்கில் இருந்து பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். உள்ளே கூப்பிடுகிறார்கள், நிற்க வைக்கிறார்கள், ஒரு சின்னச் சத்தம், போகலாம் என்கிறார்கள். பொத்தானுக்கு ஒரு விநாடிகூடப் போகாது. படிப்பெல்லாம் அந்த விநாடிக்கு முன்னால் நடக்கிற வேலைக்குத்தான்.

நெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா வருகிறார் என்று வையுங்கள். மூன்று கிழமையாக இருமல் விடவில்லை. காசமாக இருக்குமோ என்று டொக்டர் படத்துக்கு எழுதியிருக்கிறார். துண்டில் உள்ள ஆளும் வந்திருக்கிற ஆளும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. நம் பகுதியில் ஒரே வாங்கில் மூன்று பாத்திமா இருப்பார்கள். "பாத்திமா நீங்கதானா?" என்று கேட்டால் மூன்று பேரும் தலையாட்டுவார்கள். ஆகவே பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு கழுத்து மாலை, தாயத்து, ஹிஜாபில் குத்திய ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். மெல்லிய துணி படத்தில் தெரியாது, ஊசி பளிச்சென்று தெரியும். அதைவிட மோசமானது பின்னல். தடித்த பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் மங்கலாக ஒரு நிழல் விழும். காசநோய் விரும்பிக் குடியேறுகிற இடமும் அதே உச்சிதான். பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்ல மறந்தால், இல்லாத நோயின் சாயலை நாமே படத்தில் வரைந்துவிடுவோம்.

இனி நிற்க வைக்க வேண்டும். நெஞ்சு தட்டோடு ஒட்ட வேண்டும், நாடி மேலே இருக்க வேண்டும். கைகளின் புறப்பக்கத்தை இடுப்பில் வைத்து முழங்கையை முன்னுக்குத் தள்ளச் சொல்ல வேண்டும். அப்படித் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்பு இரண்டும் பக்கத்துக்கு விலகி நுரையீரலுக்கு வழிவிடும். எக்ஸ்ரே குழாய் அவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி, அதாவது 180 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கும். ஏன் அவ்வளவு தூரம், ஏன் முதுகுப் பக்கமிருந்து? சிம்னி விளக்குக்கு முன்னால் கையைப் பிடித்துச் சுவரில் நிழல் பார்த்திருப்பீர்கள். கை விளக்குக்குக் கிட்டப் போகப் போக நிழல் ஊதிப் பெருக்கும், சுவருக்குக் கிட்டப் போனால் கையளவுக்குச் சுருங்கும். இருதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. நெஞ்சைத் தட்டில் ஒட்டி, குழாயைத் தூரத்தில் வைத்தால் இருதயத்தின் நிழல் அதன் உண்மை அளவுக்குக் கிட்ட வரும். எழும்பி நிற்க முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்தே முன்பக்கமிருந்து எடுக்கும்போது இருதயம் பெருத்துத் தெரியும். அப்படி எடுத்த படம் என்று குறித்து வைக்காவிட்டால், டொக்டர் இருதய வீக்கம் என்று நினைக்கக்கூடும்.

அடுத்தது மூச்சு. "மூச்ச நல்லா இழுங்க, அடக்குங்க, அடக்கிக்கிட்டே இருங்க" என்று சொல்லும்போது குரலில் ஒரு தாளம் இருக்க வேண்டும். கொழும்பில் பயிற்சி என்றால் இதையே "ஹுஸ்ம கன்ன" என்று சிங்களத்தில் சொல்லப் பழக வேண்டும். காது மந்தமான மூத்தாப்பாவுக்குச் சைகையால் சொல்ல வேண்டும். படம் வந்ததும் விலா எலும்பை எண்ணிப் பார்ப்போம். உதரவிதானத்துக்கு மேலே முதுகுப் பக்க விலா ஒன்பது பத்துத் தெரிந்தால் மூச்சு சரி. காறை எலும்பு இரண்டின் உள்முனையும் முள்ளந்தண்டிலிருந்து சம தூரத்தில் இருந்தால் ஆள் திரும்பாமல் நின்றிருக்கிறார். வலம், இடம் காட்டுகிற ஈய எழுத்து மூலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் திரும்ப எடுக்க வேண்டிவரும். நம் பிழைக்கு அந்த உம்மா இரண்டாம் தடவை கதிர் வாங்க வேண்டும். வகுப்பில் எனக்குப் படிப்பித்தவர்கள் அதிகம் கோபப்பட்டது இந்த விஷயத்தில்தான். அந்தக் கோபம் சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

இதற்குப் பின்னால் பௌதிகவியல் இருக்கிறது. குழாய்க்குள் இழையிலிருந்து கிளம்புகிற இலத்திரன்கள் தங்ஸ்தன் தட்டில் மோதும்போது எக்ஸ்ரே பிறக்கிறது. மோதும் சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்களவுதான் கதிராகும், மிச்சமெல்லாம் வெறும் சூடு. கிலோவோல்ற்றைக் கூட்டினால் கதிர் ஊடுருவும் பலம் கூடும். மில்லி அம்பியர் செக்கனைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும். தடித்த ஆளின் முதுகெலும்புக்கு வைக்கிற கணக்கைக் குழந்தையின் நெஞ்சுக்கு வைக்க முடியாது. முந்தி பிலிம் காலத்தில் பிழை செய்தால் இருட்டறையில் படம் கழுவும்போதே முகத்தில் அடித்த மாதிரித் தெரியும், ஒன்றில் கறுத்துப் போகும், இல்லாவிட்டால் வெளுத்துப் போகும். இப்போது கணினி எல்லாவற்றையும் சரிக்கட்டி அழகாகக் காட்டிவிடுகிறது. அதனால் தேவைக்கு மேல் கதிர் கொடுத்தாலும் படம் நன்றாகவே வரும், யாருக்கும் தெரியாது. இன்றைய பிள்ளைகளுக்கு எங்களைவிடக் கூடக் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் போதாதா என்று கேட்டார் தம்பி. போதாது. காலையில் உடற்கூறியல் வகுப்பில் மணிக்கட்டின் எட்டு எலும்பைப் பாடமாக்கினால், அந்தக் கிழமையே மரத்திலிருந்து விழுந்த ஒரு பொடியனின் மணிக்கட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரிக்குள்ளேயே பாடசாலை இருக்க வேண்டும். முதல் உலகப் போரில் மேரி கியூரி செய்ததும் இதைத்தான். எக்ஸ்ரே பூட்டிய வாகனங்களைப் போர்முனைக்கு அனுப்பியபோது படம் எடுக்க ஆளில்லை. பாரிஸில் ஏறத்தாழ 150 பெண்களைப் பயிற்றி அனுப்பினார். கூடப் படிப்பித்தவர் அவருடைய மகள் ஐரீன், அப்போது இருபது வயதை ஒட்டிய பிள்ளை. அமெரிக்காவில் இன்றும் ஆஸ்பத்திரிகளே நடத்துகிற ரேடியோகிராபர் பயிற்சிகள் இருக்கின்றன. சென்னையில் 1934இல் தொடங்கிய பர்னாட் கதிரியல் நிலையமும் அரசாங்கப் பொது ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேதான் வளர்ந்தது.

அதுவரை கதவுநிலையில் சாய்ந்து நின்ற மகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "மாமா, இரத்தம் எல்லாம் பார்க்கணுமா?"

பார்க்கணும் மகள். நைட் டியூட்டியில் மோட்டார் சைக்கிள் விபத்து வரும். உடைந்த எலும்பை ஒரு கோணத்தில் மட்டும் எடுத்தால் சில நேரம் உடைவே தெரியாது. ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம் எடுக்க வேண்டும், மேல் மூட்டும் கீழ் மூட்டும் அதற்குள் வர வேண்டும். தொடை முறிந்த ஆளின் காலைத் திருப்பிப் பக்கவாட்டுப் படம் எடுக்கக் கூடாது. முறிந்த முனை அசைந்தால் இரத்தக் குழாயைக் கிழித்துவிடும். கால் கிடந்தபடி கிடக்கட்டும், குழாயையும் தட்டையும் நாம்தான் சுற்றிக் கொண்டுபோய் வைப்போம். ஆள் கத்துவார், கூட வந்தவர்கள் நம்மைத் திட்டுவார்கள். அதற்குள் நிதானமாக நிற்கப் பழகுவதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்தான், அதற்குச் சோதனை மட்டும் கிடையாது.

தம்பி மனதில் வேறொன்று இருந்தது. மகள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கதிர் பட்டால் பிள்ளைப் பாக்கியம் இல்லாமல் போகுமாமே, நாளைக்குக் கலியாணம் பேசும்போது?

இந்தப் பயத்தைச் சும்மா சிரித்துத் தள்ளக் கூடாது. எடிசனிடம் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை செய்த கிளாரன்ஸ் டாலி, கை இரண்டும் புண்ணாகிப் புற்றுநோய் வந்து 1904இல் இறந்தார். கதிரால் உயிர்விட்டவர்களுக்கு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒரு ஆஸ்பத்திரி வளவில் 1936இல் நினைவுத் தூணே எழுப்பினார்கள். கதிரை நேரே தன் கையில் விட்டுச் சோதித்த காலம் அது. இப்போது ரேடியோகிராபர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும். பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் மிஞ்சாது.

கணக்காகச் சொல்வதானால், மண், வானம், காற்று, சாப்பாடு என்று உலகத்தில் ஒரு ஆள் வருடத்துக்கு வாங்குகிற இயற்கைக் கதிரே சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சுப் படம் நோயாளிக்குக் கொடுப்பது ஏறத்தாழ 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்று சி.ரி. ஸ்கேன் பத்தை நெருங்கும், அதனால்தான் அதைக் கண்டபடி எடுக்கக் கூடாது என்கிறோம். இந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சர்வதேச வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20. ஒழுங்காக வேலை செய்கிறவர் அதற்குக் கிட்டவும் போக மாட்டார். நெஞ்சில் குத்தியிருக்கிற சின்ன டி.எல்.டி. பட்டைக்குள் இருக்கிற பளிங்கு, பட்ட கதிரைச் சேமித்து வைக்கும். சூடாக்கினால் பட்ட அளவுக்கு ஒளி விடும். இலங்கை அணுசக்திச் சபை அதை வாசித்துக் கணக்குச் சொல்லும். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே அறிவிக்க வேண்டும், அதன் பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட், வேலையை அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலில் இருந்து பிள்ளை குட்டியோடு வாழ்கிற பெண்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பேச்சுக்கால் பேச வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

பெண்பிள்ளை இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. மார்பகப் படம் எடுக்கும்போது மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டில் ஒழுங்காக வைப்பது ரேடியோகிராபரின் கைதான். உள்ளே நிற்பது ஆண் என்று தெரிந்தால் மருதமுனையிலோ நிந்தவூரிலோ எத்தனை பெண்கள் போவார்கள்? கட்டி இருப்பது தெரிந்தும் ஆறு மாதம் வெட்கத்தில் கழிந்துவிடும். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு வைத்தியசாலை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை என்று எங்கே நம் மொழி பேசுகிற ஒரு பெண் அந்த அறைக்குள் நின்றாலும் வருகிறவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். எம்.ஆர்.ஐ. அறையில் எக்ஸ்ரே கிடையாது, காந்தம்தான். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு, இரவும் பகலும் அணையாமல் இருக்கும். ஹிஜாபுக்குள் மறந்துபோன ஒரு இரும்பு ஊசி அங்கே அம்பாகும். அந்த ஊசி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று ஹிஜாப் கட்டுகிறவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

வழி எது என்றால், பழைய வழி சுகாதார அமைச்சுடையது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் ரேடியோகிராபி பாடசாலையில் இரண்டு வருட டிப்ளோமா. படிக்கும்போதே கொடுப்பனவு உண்டு, முடிந்ததும் அரசாங்க நியமனம், குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்பந்தம். மற்றது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் நான்கு வருடப் பட்டம், அதற்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வேண்டும். கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் பட்டப் படிப்பு இருக்கிறது. பட்டம் கிடைத்தால் பட்டத்துக்கே போகட்டும், மேலே படிக்கவும் வெளிநாடு போகவும் அது உதவும். ஆனால் கை பழகுவதென்னவோ இரண்டிலும் ஆஸ்பத்திரியில்தான்.

ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிற இடங்கள் உண்டு. காசு கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை முடித்தால் எஸ்.எல்.எம்.சி. பதிவு கிடைக்குமா? நம் ஊரில் அந்த எழுத்தைச் சொன்னால் முஸ்லிம் காங்கிரஸ்தான் ஞாபகம் வரும், நான் சொல்வது இலங்கை மருத்துவ சபையை. அந்தப் பதிவு இல்லாமல் இங்கே அரசாங்க வேலை கிடையாது. சவூதிக்கோ டுபாய்க்கோ போவதானாலும் சான்றிதழ்களை மூலத்திலேயே சரிபார்ப்பார்கள், கணினிப் பரீட்சை வைப்பார்கள். மச்சான் கட்டாரில் இருக்கிறார், உள்ளே எடுத்துவிடுவார் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் சரிவராது.

அமைச்சின் ஆட்சேர்ப்பு வருடா வருடம் ஒரே மாதத்தில் வருவதில்லை. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய துண்டுப் படத்தை நம்பாமல் வர்த்தமானியையும் அமைச்சின் இணையத்தளத்தையும் மகளே கிழமைக்கு ஒரு தடவை பார்க்கட்டும். தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி எல்லாம் அதில்தான் சரியாக இருக்கும். அதுவரைக்கும் பௌதிகவியல் கொப்பியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். வகுப்பு ஆங்கிலத்தில், நோயாளி சிங்களத்தில். இரண்டையும் இப்போதே தொடங்கலாம்.