அழகுநிலைய நாற்காலி: வாங்கும் முன் இரண்டு அளவு எடுங்கள்

நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் விண்ணப்பங்களில், தையல் இயந்திரத்துக்கு அடுத்தபடியாக இப்போது அழகுநிலையச் சாமான்கள்தான் அதிகம் வருகின்றன. வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு மட்டும் ஃபேஷியல், த்ரெட்டிங், வாக்சிங் செய்யலாம் என்று நினைக்கும் சகோதரிகள் கொண்டுவரும் விலைப்பட்டியலைப் பார்த்தால், மொத்தத் தொகையில் பெரும்பகுதியை ஒரே ஒரு பொருள் விழுங்கியிருக்கும். அதுதான் ஹைட்ராலிக் நாற்காலி. கிரீம் சரியில்லை என்றால் அடுத்த மாதம் வேறு கம்பெனி வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியை அப்படி மாற்ற முடியாது. ஐந்தாறு வருடம் அதோடுதான் வேலை. அதன் உயரம் சரியில்லை என்றால் வேலை செய்பவரின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும். ஆகவே விண்ணப்பம் எழுதும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

கடைக்காரர் "ஹைட்ராலிக்" என்று சொன்னதும், நாற்காலி முழுவதும் அந்த முறையில் இயங்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான மாதிரிகளில் இருக்கை ஏறி இறங்குவது மட்டும்தான் ஹைட்ராலிக். முதுகுச் சாய்வும் கால் பகுதியும் தனி. அவை கைப்பிடியைத் தூக்கினால் பல் பல்லாக நகரும் அமைப்பாகவோ, கேஸ் ஸ்பிரிங்காகவோ இருக்கும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பகுதி எதனால் நகர்கிறது, எது பழுதானால் எதை மாற்ற வேண்டும் என்பதே.

உள்ளே நடப்பது எளிமையானது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்த விதி அது. பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் வரும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மிதியை அழுத்தும்போது ஒரு சிறு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் பெரிய பிஸ்டனுக்கு அடியில் போய் அதை உயர்த்துகிறது. பெரியது சிறியதைப் போல 20 மடங்கு பரப்பு என்றால், 5 கிலோ அழுத்தம் 100 கிலோவைத் தூக்கும். ஆனால் சும்மா கிடைப்பது எதுவும் இல்லை. சிறியது 20 அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஒரு அங்குலம் ஏறும். அதனால்தான் மிதியைத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டியிருக்கிறது. ஏறிய எண்ணெய் திரும்பி வராமல் ஒரு வால்வு தடுத்து நிறுத்துகிறது. மிதியை அடிவரை அழுத்திப் பிடித்தால் வால்வு திறந்து, ஆளின் எடையிலேயே இருக்கை மெல்ல இறங்குகிறது. மின்சாரமே வேண்டாம். ஜேசிபி வண்டியின் கை தூக்குவதும் இதே விதியில்தான்.

இப்போது அளவுகளுக்கு வருவோம். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம்.

முதல் அளவு, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. ஃபேஷியல் செய்யும்போது வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் உட்காருவீர்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவரின் முகம் ஏறத்தாழ அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். தலையின் கனம் 7, 8 அங்குலம் என்பதால், முழங்கை அளவிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதுதான் தலைப்பகுதி மெத்தையின் உயரம். முழங்கை 29 அங்குலத்தில் இருந்தால் மெத்தை 22 அங்குலத்தில் இருக்க வேண்டும். முகம் அதைவிட மிகவும் மேலே போனால், அரை மணி நேரமும் தோளைத் தூக்கிக்கொண்டே மசாஜ் செய்ய நேரும். மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது அளவு, நின்று செய்யும் வேலைக்கு. வாக்சிங் நின்றுதான் செய்ய வேண்டும். அதே போல முழங்கையை மடக்கி நின்றுகொண்டு தரையிலிருந்து அளங்கள். 5 அடி 1 அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்கு இது 38 அங்குலம் அளவில் வரும். கை கொஞ்சம் கீழிறங்கி வேலை செய்ய வேண்டும், மெத்தைமேல் இருக்கும் காலின் கனமும் உண்டு. இரண்டையும் கழித்தால் மெத்தை 30 அங்குலம் வரை வர வேண்டும் என்று கணக்காகிறது.

22, 30. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள 8 அங்குலத்துக்குத்தான் ஹைட்ராலிக் என்ற பெயரில் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். கடைகளில் இருக்கும் பல மாதிரிகள் 6 முதல் 8 அங்குலம் வரைதான் உயரும். சில மாதிரிகளில் மிகக் குறைந்த உயரமே 24 அங்குலமாக இருக்கும். விளம்பரத் தாளில் "உயரத்தை மாற்றலாம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று இரண்டு எண்களாகக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி போதுமான அளவு இறங்காவிட்டால், உயரம் மாற்றும் ஸ்டூல் ஒன்றை வாங்கி அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். போதுமான அளவு ஏறாவிட்டால் வழி கிடையாது. குனிந்துதான் ஆக வேண்டும்.

இதே கணக்கு சிலருக்கு ஹைட்ராலிக்கே தேவையில்லை என்றும் சொல்லிவிடும். ஒருவர் மட்டும் வேலை செய்கிறார், உட்கார்ந்து செய்யும் ஃபேஷியல்தான் முக்கியம் என்றால், சரியான உயரத்தில் செய்த நான்கு கால் கட்டில் போதும். நம் ஊர்த் தச்சரே அளவு கொடுத்தால் செய்து தருவார், மிச்சப்படும் பணத்தில் நல்ல ஸ்டீமர் வாங்கலாம். த்ரெட்டிங் மட்டும் என்றால் தலை சாய்க்கும் வசதியுள்ள சாதாரண நாற்காலியே தாராளம். ஆனால் அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், ஒருவர் உயரம் ஒருவர் குட்டை என்றால், உயரம் மாறும் நாற்காலி கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

உயரத்தோடு தலைப்பகுதியின் அகலத்தையும் பாருங்கள். தலைப்பக்கம் குறுகியிருந்தால் முழங்கால்களை இருபுறமும் விட்டு நெருங்கி உட்காரலாம். அகலமாகவும் தடிமனாகவும் இருந்தால் முழங்கால் இடிக்கும். தள்ளி உட்கார்ந்து முதுகை வளைத்துக் கையை நீட்ட வேண்டிவரும். கடையில் யாராவது ஒருவரைப் படுக்க வைத்து, நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் இது தெரியாது. படத்தைப் பார்த்து ஆர்டர் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து, வருகிறவர்களின் பாதுகாப்பு. மூட்டுவலியோடு ஒரு உம்மம்மா பேத்தியின் கல்யாணத்துக்காக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி 18 அங்குல உயரம். 24 அங்குலத்தில் இருக்கும் மெத்தையில் அவர் எப்படி ஏறுவார்? அகலமான, வழுக்காத ஒரு படிப்பலகை அவசியம். கைப்பிடிகள் மடங்குவதாக அல்லது கழற்றுவதாக இருந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து திரும்பிப் படுப்பது சுலபம்.

சாயும் அபாயம் இதைவிடப் பெரிது. ஹைட்ராலிக் நாற்காலி நடுவில் ஒற்றைத் தூணில் நிற்கிறது. அடியில் ஒரு வட்டத் தட்டுதான் தாங்கல். முழுவதும் படுக்கையாக நீட்டியபின் ஒருவர் கால்நுனியில் உட்கார்ந்தால், எடை தட்டின் விளிம்பைத் தாண்டிப் போய் நாற்காலியே கவிழலாம். எழும்போது கால்பக்கமாக நகர்ந்து இறங்குவது பலரின் வழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். கடையிலேயே நாற்காலியை முழுவதும் நீட்டி உயர்த்தச் சொல்லி, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நுனியில் மெதுவாக உட்கார்ந்து பாருங்கள். தட்டு தரையைவிட்டுத் துளி எழும்பினாலும் அந்த மாதிரி வேண்டாம். தாங்கும் எடை எவ்வளவு என்று கேட்டு, அதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், வேலை இல்லாத நேரத்தில் நாற்காலியை முழுவதும் இறக்கி வைப்பது நல்லது. மிதியை மிதித்து ஏற்றி இறக்குவதைப் பிள்ளைகள் விளையாட்டாக்கிவிடுவார்கள்.

முழு எலெக்ட்ரிக் நாற்காலியைப் பற்றியும் கேட்கிறார்கள். பட்டனை அழுத்தினால் எல்லாப் பகுதியும் நகரும், மிதிக்க வேண்டியதில்லை. மோட்டார் வைத்த சில மாதிரிகள் ஹைட்ராலிக்கைவிடக் கீழேயும் இறங்கும், மேலேயும் ஏறும். வயதானவர்கள் அதிகம் வரும் இடத்துக்கும், முழங்கால் பிரச்சினை உள்ள சகோதரிக்கும் அது பொருத்தம். விலை அதிகம். கரண்ட் போனால் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். மோட்டாரோ கண்ட்ரோல் பெட்டியோ பழுதானால் பக்கத்து மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ஹைட்ராலிக்கிலும் பழுது உண்டு. ஒரு சகோதரி வெளியூரிலிருந்து தருவித்த நாற்காலி எட்டே மாதத்தில், ஆள் படுத்ததும் தானாகவே இறங்க ஆரம்பித்தது. விற்றவரைக் கூப்பிட்டால் "அனுப்பி வையுங்கள், பார்க்கிறோம்" என்றார். லாரி வாடகை இவர் தலையில். பெருநாளுக்கு முந்தைய வாரம் நாற்காலி இல்லாமல் எப்படி? கடைசியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வேலை பார்த்தார். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

தானாக இறங்குவதற்குக் காரணங்கள் சில. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம், வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் காற்று புகும். அதனால் வந்து இறங்கியதும் நிமிர்த்தி வைத்து, யாரும் உட்காரும் முன் முழு உயரத்துக்கு ஏற்றி இறக்குவதைச் சில தடவை செய்யுங்கள். வெறும் காற்றாக இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சீல் தேய்மானம் என்றால் மாற்றத்தான் வேண்டும். சீல், அல்லது முழு பம்ப், தனியாகக் கிடைக்குமா, எந்த ஊரில், பொருத்துவது யார்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பளபளப்பான பிஸ்டன் தண்டில் வெட்டிய முடியும் வாக்ஸும் ஒட்டவிடாமல் தினமும் துடைத்தால் சீலின் ஆயுள் நீளும்.

பழைய நாற்காலி கிடைக்கிறது என்றால் அதுவும் நல்ல யோசனைதான், ஒரு சோதனை செய்துவிட்டு. பாதி உயரத்துக்கு ஏற்றி, வீட்டிலேயே எடை கூடியவரை உட்கார வைத்து, மெத்தை விளிம்பின் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கோட்டைப் பாருங்கள். அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு இரவு விட்டால் எண்ணெய்க் கசிவும் தெரிந்துவிடும். முடிந்தால் கவிழ்க்காமலே அடியில் டார்ச் அடித்து வெல்டிங் விரிசலையும் பாருங்கள்.

மேலுறை விஷயத்தில் தையலைக் கவனியுங்கள். தையல் ஓட்டைகளிலும் மடிப்புகளிலும்தான் எண்ணெயும் அழுக்கும் தங்கும், ஒருவரின் தோல் நோய் இன்னொருவருக்குப் போகும் வழியும் அதுதான். தையல் குறைவான, வழவழப்பான ரெக்சின் நல்லது. விலை கூடிய மென்மையான பியூ லெதர் நம்மைப் போன்ற கடலோர ஊரின் ஈரக் காற்றில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். சானிடைசரால் தினமும் துடைத்தாலும் ரெக்சின் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, ஆளுக்கொரு துவைத்த விரிப்புப் போடுவதே போதும். அடித்தட்டு உப்புக் காற்றில் துருப்பிடிக்காத ஸ்டீலா, மேல்பூச்சு மட்டுமா என்றும் கேளுங்கள்.

அறையில் இடம் பார்க்கும்போது நீட்டிய நாற்காலிக்கு 6 அடி, தலைக்குப் பின்னால் நீங்கள் உட்கார இரண்டரை அடி வையுங்கள். கதவு திறந்தால் தலைவிரித்துப் படுத்திருப்பவர் வெளியே தெரியக் கூடாது. வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த திரை ஒன்று வேண்டும். அதற்கும் ஓரடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைகளை ஒப்பிடும்போது ஜிஎஸ்டி, லாரி வாடகை, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்த தொகையை எழுதி வாங்குங்கள். "வட்டியில்லாத் தவணை" என்று சொல்லும் கடைகளில் ரொக்க விலை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், வட்டி வேறு பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இனி இந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கும் சகோதரிகள், விலைப்பட்டியலுடன் தங்களின் உட்கார்ந்த அளவு, நின்ற அளவு, நாற்காலியின் குறைந்த, அதிக உயரம் ஆகிய நான்கு எண்களையும் விண்ணப்பத்தின் பின்பக்கம் எழுதித் தாருங்கள். அளவெடுக்கத் துணை இல்லாதவர்கள் அலுவலகத்துக்கு வந்தால், தையல் பயிற்சி தரும் ஆசிரியை டேப்போடு உதவுவார், இன்ஷா அல்லாஹ்.