அரை அங்குல மேடை!

குரும்பலூரில் ரெயில் சத்தம் கேட்காது. பெரம்பலூர் நகருக்கே ரெயில் பாதை கிடையாது. "ரெயில் பார்க்க வேண்டும்" என்று பிள்ளை அடம் பிடித்தால், அரியலூருக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

அரியலூர் சிமெண்டு பூமி. அரசு சிமெண்டு ஆலை 1979-ல் அங்கே தொடங்கியது. அதே ரெயில் பாதையில் தெற்கே உள்ள டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமெண்டு ஆலை வந்துவிட்டது. அதனால் பாசஞ்சர் வண்டியோடு கூட்ஸ் வண்டியையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். வீடு திரும்பியதும், மூட்டை ஏற்றும் சரக்கு மேடை ஒன்றை அட்டையிலே செய்து பார்க்கலாம்.

87-ல் ஒரு பங்கு

சிறு ரெயில் செய்வது உலகம் எங்கும் உள்ள பொழுதுபோக்கு. நம் நாட்டில் புனே நகரில், பி.எஸ்.ஜோஷி என்பவர் சேர்த்த சிறு ரெயில்களைக் கொண்டு 1998-ல் ஒரு காட்சிச்சாலையே திறந்தார்கள்.

இந்தக் கலையில் மிகுதியாக வழங்கும் அளவு, 87-ல் ஒரு பங்கு. நிஜத்தில் 87 அடி என்றால், பொம்மையில் ஓர் அடி.

இன்றைய மூடிய சரக்குப் பெட்டி ஒன்று சுமார் 11 மீட்டர் நீளம். பொம்மையில் அது பன்னிரண்டரை சென்டி மீட்டர்தான். ஆனால் 58 பெட்டிகளையும் கோத்தால் 24 அடி வந்துவிடும்! கூடமே போதாது. ஆகையால் ஐந்து பெட்டி போதும். நீளத்தைக் குறைக்கலாம், தவறில்லை.

குறைக்கவோ கூட்டவோ கூடாத அளவு ஒன்று உண்டு. அதுதான் மேடையின் உயரம்.

எதற்காக இந்த உயரம்?

ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. ஒரு பெட்டிக்கு ஆயிரம் மூட்டைக்கு மேல் பிடிக்கும். பெட்டியின் தளமோ தண்டவாளத்துக்கு மேலே நாலடி உயரம்.

மேடை இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். தரையில் நிற்கும் தொழிலாளி ஒவ்வொரு மூட்டையையும் தன் மார்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். எத்தனை மூட்டைக்கு அந்த முதுகு தாங்கும்?

மேடை இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை. நம் ரெயில்வேயில் சரக்கு மேடையின் உயரம் அதிகபட்சம் 1,065 மில்லி மீட்டர். அதாவது மூன்றரை அடி. மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டால், மூட்டையைச் சுமந்தபடியே நடந்து உள்ளே போய்விடலாம். லாரியைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் அந்தப் பக்கமும் அப்படியே.

இந்த மூன்றரை அடி, பொம்மையில் 12 மில்லி மீட்டர். அரை அங்குலம்கூட முழுதாக இல்லை!

செய்யும் முறை

இரண்டு மில்லி மீட்டர் கனமுள்ள அட்டையை ஆறு துண்டுகளாக வெட்டி, கோந்து தடவி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். மேடை தயார்.

பாதையின் நடுக்கோட்டிலிருந்து 19 மில்லி மீட்டர் தள்ளி மேடை விளிம்பு வரட்டும். ஒட்டும் முன்பு ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். உரசினால் சற்று விலக்குங்கள். வளைவில் மேடை வேண்டாம். வளைவிலே பெட்டியின் வயிறு வெளியே தள்ளும்; மேடையில் இடிக்கும்.

தீக்குச்சிகளைத் தூணாக நிறுத்துங்கள். கூரைக்கு நெளி அட்டை. நனைந்த சிமெண்டு கல்லாகிவிடும் அல்லவா? அதனால் கூரை மேடை முழுவதையும் மூட வேண்டும். பாதை முடியும் இடத்தில் முட்டுக்கட்டை வைக்க மறக்காதீர்கள்.

புத்தம் புதிதாக விட்டுவிட்டால் அது பொம்மைக் கடைச் சாமான்தான். மேடை விளிம்பைக் கொஞ்சம் பிய்த்து விடுங்கள். சாம்பல் நிறத் தூளை எங்கும் லேசாகத் தூவுங்கள். வண்டி அடிக்கடி வராத பாதையில் தண்டவாளத்துக்குத் துருநிறம் பூசுங்கள்.

யாரை மறந்தோம்?

பலர் இவ்வளவும் செய்துவிட்டு, ஆளை வைக்க மறந்து விடுகிறார்கள்!

ஐந்தரை அடி மனிதன் இங்கே இரண்டு சென்டி மீட்டர்கூட இல்லை. அவன் சுமக்கும் மூட்டை ஓர் அரிசியை விடச் சற்றே பெரிது. களிமண்ணில் உருட்டி, தலையில் சும்மாட்டோடு நிறுத்துங்கள். மேடை ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் இருக்கட்டும்.

பெரிய ஆலைகளில் இன்று மூட்டையைக் கொண்டுவர ஓடும் பட்டை வந்துவிட்டது. ஆனாலும் மனிதத் தோளுக்கு இன்னும் பல இடங்களில் ஓய்வு கிடைக்கவில்லை.

செய்து முடித்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேடை ஏன் இந்த உயரம்?"

"தூக்குகிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்க" என்று பதில் வந்தால், அந்த அரை அங்குலம் வீண் போகவில்லை!